காவல் நின்ற சொல்

இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு மலரில் கணிப்பொறிப் பாதுகாப்பின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று கவிஞர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆயினும் அவ்வரலாற்றை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிப்பொறியின் வாயிலில் காவல் நின்றது இரும்புப் பூட்டன்று, ஒரு சொல். அச்சொல்லைத் தேர்ந்தவன் மனிதன். அதை மறந்தவனும், பிறரிடம் உரைத்தவனும், திருடியவனும் மனிதனே. ஆகவே கடவுச்சொல்லின் கதை சொல்லுக்கும் மனித மனத்துக்கும் உள்ள உறவின் கதையாகவும் அமைகின்றது. சொல்லையே தொழிலாகக் கொண்டோர் அதை அறிந்துகொள்வது பயனுடையது என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பழைய காவற்சொற்கள்

சொல்லைக் காவலுக்கு நிறுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. ரோமப் படையின் இரவுக் காவல் முறையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விரித்துரைத்துள்ளார். அன்றைய இரவுக்குரிய சொல் ஒரு மரப்பலகையில் எழுதப்பட்டு அணி அணியாகக் கைமாறும். இருள் சூழுமுன் பலகை தலைவனிடம் திரும்பிவர வேண்டும். வராவிடில் அது எந்த அணியில் தங்கிற்று என்பதை உடனே கண்டறிந்துவிடலாம்.

விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் வரும் செய்தி இதனினும் கொடியது. யோர்தான் ஆற்றுத் துறையைக் கைப்பற்றிய கீலேயாத்தியர், கடக்க வந்தோரை ‘ஷிபோலேத்’ என்னும் சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். எப்பிராயீமியருக்கு முதல் எழுத்து வாயில் வரவில்லை; ‘சிபோலேத்’ என்றார்கள். அவ்வாறு மாண்டவர் 42,000 பேர் என்கின்றது அந்நூல். ழகரத்தின் அருமை அறிந்த நமக்கு, ஓரெழுத்தால் உயிர் போகும் என்பது எளிதில் விளங்கும்.

அலிபாபாவின் கதையில் இருவேறு பாடங்கள் உள்ளன. குகையைத் திறக்கும் சொல்லை ஒட்டுக்கேட்டவன் உள்ளே சென்று பொன்னை அள்ளினான். அதே சொல்லை மறந்த அண்ணன் காசிம் உள்ளேயே அகப்பட்டு மாண்டான். கேட்டவர் எவரும் பயன்படுத்தலாம் என்பதும், உரியவனே மறந்துவிடலாம் என்பதும் காவற்சொல்லின் இரு குறைகள். கணிப்பொறி வந்தபின் இக்குறைகள் தீரவில்லை, பன்மடங்காகப் பெருகின.

ஒரு பொறி, பல பயனர்

தொடக்கக் காலத்துக் கணிப்பொறிக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. பொறி ஓர் அறையில் இருந்தது; அறைக்குக் கதவு இருந்தது. துளையிட்ட அட்டைகளை ஒருவர் கொடுத்து முடித்தபின் அடுத்தவர் கொடுப்பார். கதவைப் பூட்டினால் பொறியும் பாதுகாப்பாக இருந்தது.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ (1926–2019) தலைமையில் உருவான காலப்பகிர்வு அமைப்பு இந்நிலையை மாற்றியது. 1961 நவம்பரில் அது முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. பலர் தத்தம் முனையத்தில் அமர்ந்து ஒரே நேரத்தில் ஒரே பொறியைப் பயன்படுத்தலாயினர். ஒருவருடைய கோப்பை மற்றொருவர் காணாதிருக்கவும், ஒவ்வொருவரும் தமக்கென ஒதுக்கிய நேரத்தை மட்டுமே செலவிடவும் ஏதேனும் ஒரு தடுப்பு வேண்டியிருந்தது. ஆளுக்கொரு சொல் என்பது எளிய தீர்வாகத் தோன்றியது. கணிப்பொறிக் கடவுச்சொல்லின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கப்பெறுகின்றது.

முதல் திருட்டும் அங்கேயே நிகழ்ந்தது. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அந்நேரம் போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியாக வேண்டுகோள் விடுக்கும் வசதி அன்று இருந்தது. 1962இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடுமாறு வேண்டுகோள் அட்டையை இட்டார். பொறி மறுக்கவில்லை. பிறருடைய சொற்களைக் கொண்டு அவர் தம் ஆய்வை முடித்தார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்தே இதை வெளியிட்டார். இவர் பொன்னையோ படை மறைபொருளையோ நாடவில்லை. நாடியது கணிப்பொறி நேரம் ஒன்றுதான். இச்செய்தியை நினைவில் இருத்துக. மீண்டும் இதற்கு வருவோம்.

அதே அமைப்பில் 1960களின் நடுப்பகுதியில் நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சியில் திருடனே இல்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒருவர் கையில் அன்றைய அறிவிப்பு; மற்றவர் கையில் கடவுச்சொற் பட்டியல். திருத்தும் நிரல் தன் இடைக்காலக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டதால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் பொறிக்குள் நுழைந்த ஒவ்வொருவரையும் அன்றைய அறிவிப்புக்கு மாறாக அனைவரின் கடவுச்சொற்களும் வரவேற்றன. 1990ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்றபோது கார்பட்டோ தம் உரையில் இதனை எடுத்துக்காட்டினார். அவ்வுரையின் பொருள், தோற்கவிருக்கும் அமைப்புகளைக் கட்டுவது எப்படி என்பதாகும். தோல்வியை எதிர்பார்த்தே கட்ட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

படைத்துறையும் இக்கவலையைக் கொண்டிருந்தது. வில்லிஸ் வேர் தலைமையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக இயங்கிய குழு 1970இல் அளித்த அறிக்கை, பாதுகாப்பு என்பது பொறி, நிரல், தகவல்தொடர்பு, மக்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒன்று என்று எடுத்துரைத்தது. அவ்வறிக்கையே 1975 வரை மறைபொருளாக வைக்கப்பட்டிருந்தது.

மாவும் உப்பும்

சொற்களை அப்படியே எழுதி வைத்தால் பட்டியல் ஒருநாள் வெளிப்பட்டே தீரும். அவ்வாறெனில் எழுதி வைக்காமலே சரிபார்ப்பது எங்ஙனம்? இதற்கு விடை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. ரோஜர் நீடம் கண்ட முறையை மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார்.

அரிசியை அரைத்து மாவாக்கலாம். மாவைச் சேர்த்து மீண்டும் அரிசியாக்க முடியாது. அதுபோல ஒரு சொல்லை ஒருவழிக் கணக்கால் அரைத்து, கிடைத்த மாவை மட்டும் பொறி சேமித்து வைக்கும். பயனர் மறுநாள் வந்து சொல்லைத் தந்ததும் அதனையும் அவ்வாறே அரைத்து, இரு மாவும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றாயின் கதவு திறக்கும். உரியவரின் சொல் என்ன என்பது பொறிக்கே தெரியாது. தான் அறியாத ஒன்றைத் தன்னால் வெளியிட இயலாது என்பதே இதன் அழகு.

ஆயினும் மாவைக் கண்டு அரிசியை ஊகிக்க ஒரு குறுக்குவழி இருந்தது. அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லாக அரைத்து, கிடைக்கும் மாவைத் திருடிய மாவோடு ஒப்பிடுவதே அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் அமைப்பை வளர்த்தெடுத்தோருள் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் இதனை முறையாகச் சோதித்து 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பயனர்கள் உண்மையில் தேர்ந்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தனர். ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்தவர் 15 பேர். இரண்டெழுத்து வைத்தவர் 72 பேர். மூன்றெழுத்து 464. குறுகிய சொற்கள், பெயர்கள், அகராதிச் சொற்கள் என எளிதில் ஊகிக்கத்தக்கவை மட்டும் 2,831. அதாவது 86 விழுக்காடு. அகராதித் தேடல் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினைத் தந்தது. அதற்குத் தேவைப்பட்ட காலம் ஐந்தே நிமிடம்.

இதைக் கண்ட இருவரும் பயனரை ஏசுவதோடு நின்றுவிடவில்லை; பொறியின் பக்கத்தைத் திருத்தினர். முதலாவது, அரைக்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கினர். முன்னர் அவர்கள் பயன்படுத்திய கணக்கு மிக விரைவானது. அவ்விரைவே திருடனுக்கு உதவியது. புதிய முறையில் ஒரே கணக்கை 25 முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒருமுறை நுழைபவருக்கு அத்தாமதம் பொருட்டன்று. பல்லாயிரம் சொற்களை முயல்பவனுக்கோ அது பெருந்தடை. இரண்டாவது, ஒவ்வொரு சொல்லோடும் தற்செயலாகத் தேர்ந்த ஒரு சிறு எண்ணைச் சேர்த்து அரைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘உப்பு’. ஒரே சொல்லை இருவர் தேர்ந்தாலும் உப்பு வேறாயின் மாவும் வேறாகும். ஒரு சொல்லுக்கு 4,096 வகை மாவுகள் அமையக்கூடும் என்பதால், அகராதி முழுவதையும் முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொள்வது கடினமாயிற்று. மனிதன் எளிய சொல்லைத்தான் தேர்வான் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த திருத்தங்கள் இவை.

கவிதை வரியில் ஓர் எச்சரிக்கை

இதற்கிடையில் பொறிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் தொடங்கியது. 1973 டிசம்பரில் பாப் மெட்காஃப் அவ்வலைப்பின்னலின் பயனர்களுக்கு ஒரு குறிப்பு விடுத்தார். குழந்தைகளும் அறிந்த ஒரு கிறிஸ்துமஸ் கவிதையின் வரியையே அவர் அதற்குத் தலைப்பாக்கினார். தலைப்பு விளையாட்டாயினும் பொருள் விளையாட்டன்று. அறைக்கதவையே நம்பிப் பழகியவர்கள் வலைப்பின்னலில் எளிய கடவுச்சொற்களோடு அமர்ந்திருக்கிறார்கள் என்றும், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பள்ளி மாணவர் இருவர் ஓர் அமைப்பின் தலைமைக் கடவுச்சொல்லையே கைப்பற்றிவிட்டனர் என்றும் அவர் அறிவித்தார்.

எச்சரிக்கை செவியேறவில்லை. 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வானியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டோல், கணக்கில் வந்த 75 சென்ட் வேறுபாட்டின் காரணத்தைத் தேடப் புகுந்தார். தேடல் அவரை மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த ஓர் ஊடுருவியிடம் கொண்டு சேர்த்தது. அமெரிக்கப் படைத்துறைக் கணிப்பொறிகள் பலவற்றில் அந்த ஊடுருவி நுழைந்திருந்தான். பொறி விற்பனைக்கு வந்தபோது இருந்த தொடக்கச் சொற்களைப் பலர் மாற்றாமலே வைத்திருந்தது அவனுக்குப் பேருதவியாயிற்று.

432 சொற்கள்

1988 நவம்பர் 2ஆம் நாள் மாலை ஒரு நிரல் இணையத்தில் விடப்பட்டது. பொறிக்குப் பொறி தானே தாவிப் படியெடுத்துக்கொள்ளும் அதனை வரலாறு ‘மோரிஸ் புழு’ என்று அழைக்கின்றது. அன்று இணையத்தில் இருந்த பொறிகள் சுமார் 60,000. அவற்றில் ஏறத்தாழ 6,000 பாதிக்கப்பட்டன என்பது அக்கால மதிப்பீடு. அதனை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். கடவுச்சொற்களுக்கு உப்பிட்ட அதே ராபர்ட் மோரிஸின் மகன். தந்தை அப்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணிப்பொறிப் பாதுகாப்பு அறிஞராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

அப்புழு நுழைந்த வழிகள் பல. அவற்றுள் ஒன்று சொல்லை ஊகிப்பது. பயனரின் பெயரை முதலில் முயலும். பின்னர் அப்பெயரைத் தலைகீழாக முயலும். அதன்பின் தன்னுள் சுமந்து சென்ற 432 சொற்களை ஒவ்வொன்றாக முயலும். அதுவும் தோற்றால் பொறியிலேயே இருக்கும் அகராதியைத் திறக்கும்.

அந்த 432 சொற்களின் பட்டியல் கவிஞர்கள் பார்க்கத்தக்கது. ஹாம்லெட்டும் பீத்தோவனும் மொசார்ட்டும் ஐன்ஸ்டீனும் அதில் உள்ளனர். வானவில், மழைத்துளி, ரோஜாக்கள், புன்னகை, இன்னிசை, யானை, புலி என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் உள்ளன. அன்புக்குரியவர் என்று பொருள்படும் சொல்லும் உள்ளது. நம் நாட்டுச் சிவனின் பெயரும் உண்டு. ‘இரகசியம்’ என்பதையே இரகசியமாக வைத்தோரும் இருந்தனர் போலும். அச்சொல்லும் பட்டியலில் இடம்பெற்றது. மனிதர் தம் கதவுக்குக் காவல் வைத்தவை அவர்கள் நேசித்த சொற்கள். ஒருவர் நேசிக்கும் சொல்லைப் பிறரும் நேசிப்பர் என்பதால்தான் இலக்கியம் இயங்குகின்றது. அதே காரணத்தால்தான் அக்காவல் உடைந்தது.

மகன் மோரிஸ் 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப்பணி, 10,050 டாலர் தண்டம் ஆகியவற்றுக்கு உள்ளானார். 1986இல் இயற்றப்பட்ட கணிப்பொறிக் குற்றச் சட்டத்தின்கீழ் நடந்த தொடக்க வழக்குகளில் இது புகழ்பெற்றது. பிற்காலத்தில் அவர் மாசச்சூசெட்ஸ் நிறுவனத்திலேயே பேராசிரியரானார்.

காதல் என்னும் திறவுகோல்

2000 மே 4ஆம் நாள் உலகெங்கும் பலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘ஐ லவ் யூ’ என்பது அதன் தலைப்பு. காதற்கடிதம் என்று எண்ணி இணைப்பைத் திறந்தவரின் கோப்புகள் அழிந்தன. அவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அதே கடிதம் சென்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மின்னஞ்சல் அமைப்பும் சிறிது நேரம் மூடப்பட வேண்டியதாயிற்று. அதனை எழுதியவர் பிலிப்பைன்சின் மணிலாவைச் சேர்ந்த ஓனல் டி குஸ்மான் என்னும் மாணவர். அந்நாட்டில் அப்போது இதற்கெனச் சட்டம் இல்லாமையால் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 2020இல் வெளியான நேர்காணல் ஒன்றில் அவர் பொறுப்பேற்றார். இணையத்துக்குப் பணம் கட்ட இயலாததால் பிறருடைய கடவுச்சொற்களைப் பெறவே அதனை உருவாக்கியதாக அவர் கூறினார். ஆலன் ஷெர் 1962இல் நாடியதும் பொறி நேரமே என்பதை இங்கே நினைவுகூர்க. ஒருவர் செல்வம் மிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். மற்றவர் வறிய மாணவர். இருவருக்கும் நடுவே 38 ஆண்டுகள். தேவை ஒன்றாக இருந்தது. விளைவுகள் ஒப்பிட முடியாதவையாக இருந்தன. முன்னவருக்கு உதவியது பொறியின் சட்டத்தில் இருந்த ஓட்டை. பின்னவருக்கு உதவியது, தம்மை ஒருவர் நேசிக்கிறார் என்று நம்ப விரும்பும் மனித மனம்.

காதல் கதவின் மறுபுறத்திலும் நின்றது. 2009இல் ‘ராக்யூ’ என்னும் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. நீடமின் முறை வெளியாகி நாற்பதாண்டுகள் ஆகியும் அந்நிறுவனம் அச்சொற்களை அரைக்காமல் அப்படியே வைத்திருந்தது. அவற்றுள் முதலிடம் 1 முதல் 6 வரையிலான எண்களின் வரிசைக்கு; 2,90,000க்கும் மேற்பட்டோர் அதைத் தேர்ந்திருந்தனர். ஐந்தாம் இடத்தில் ‘ஐ லவ் யூ’ நின்றது.

விதிகளும் மனிதரும்

இதற்கெல்லாம் மருந்தாக விதிகள் வந்தன. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும், குறித்த நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக பில் பர் 2003இல் எழுதிய வழிகாட்டி உலகெங்கும் பரவியது. மனிதர் அவ்விதிகளுக்குத் தம் வழியில் இணங்கினர். பழைய சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கி, இறுதியில் 1 சேர்த்தனர். மாற்றும் நாள் வந்ததும் 1 என்பது 2 ஆயிற்று. திருடர்களும் அப்படியே ஊகிக்கக் கற்றனர். 2017இல் அந்நிறுவனமே காலமுறை மாற்றத்தையும் கலப்பு விதிகளையும் கட்டாயமாக்க வேண்டாம் என்று திருத்தி, நீளத்தை வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே பில் பர் தம் பழைய அறிவுரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாகக் கூறினார்.

நீளம் போதும் என்று எண்ணிப் பிடித்த பாடல் வரியை வைப்பதும் காவலாகாது. 2010களில் கடவுச்சொல் உடைப்போர் நூல்கள், பாடல்கள், விவிலியம் முதலியவற்றிலிருந்து தொடர்களைத் திரட்டி முயன்று வெற்றி கண்டனர். அச்சில் ஏறிய எந்த வரியும் பொதுச்சொத்தே. ஒன்றோடொன்று தொடர்பற்ற சில சொற்களைத் தற்செயலாகக் கோப்பதே வலிய காவல். பொருளும் இயைபும் தேடாத அத்தொடரை அமைப்பது கவிஞருக்குச் சற்றுக் கடினமே.

இன்று சொல்லே தேவைப்படாத காவல் பரவி வருகின்றது. விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் 1976இல் வெளியிட்ட பொதுத் திறவுகோல் கருத்தே அதன் வேர். பயனரின் கருவியில் மறை எண் ஒன்று தங்கியிருக்கும்; அது எதிர்ப்புறத்துக்குச் செல்லாது. எதிர்ப்புறத்தில் இருப்பது அதற்கு இணையான வெளிப்படை எண் மட்டுமே. அதனைத் திருடியும் பயனில்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் 2022இல் இம்முறையைத் தம் கருவிகளில் விரிவாக்குவதாக அறிவித்தன.

இவ்வறுபது ஆண்டு வரலாற்றில் ஒரு பாகுபாடு தெளிவாகத் தெரிகின்றது. மனிதன் மறப்பான், சோம்புவான், நேசித்ததையே நாடுவான் என்பதை ஒப்புக்கொண்டு அமைத்த காவல்கள் நிலைத்தன. நீடமின் மாவும் மோரிஸ், தாம்சன் இட்ட உப்பும் வடிவம் மாறி இன்றும் வழக்கில் உள்ளன. மனிதன் பொறியைப் போல் நினைவில் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்ட காவல்கள் தோற்றன. குற்றம் பயனருடையது என்று கூறிவிடுதல் எளிது. அவர்களிடம் கேட்கத் தகாததைக் கேட்டோமா என்று எண்ணிப் பார்த்தவர்களே இத்துறையை வளர்த்தனர்.

சொல் பகிர்வதற்கென்று பிறந்தது. அதனைப் பூட்டாக்கி ஒருவரிடம் மட்டும் தங்கியிருக்கச் சொன்னபோது, அது தன் இயல்புப்படி வெளியே வந்துகொண்டே இருந்தது. காவற்பணி மெல்ல எண்களிடம் சென்று சேருமாயின், வானவில்லும் மழைத்துளியும் அன்புக்குரியவரின் பெயரும் அப்பணியிலிருந்து விடுபடும். அவற்றுக்குரிய வேலை நம் வட்டத்தின் அரங்குகளில் பத்தாண்டுகளாக நடந்து வருகின்றது.